லிம்ப் மோட்: ‘மட்டோட்டம்’ எனலாமா?

எல்லோருக்கும் வணக்கம்.

பழுதைக் கண்ட கார் தன் வலுவைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடும் நிலைதான் ‘லிம்ப் மோட்’. எங்கள் கையேட்டில் அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த நான்கு சொற்களையும் பார்த்தேன்: நொண்டு நிலை, முடக்க நிலை, அவசர நிலை, தளர்நடை. நான் ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன். மட்டக்களப்புப் பக்கக் கராஜ்களில் கேட்கும் பேச்சை வைத்துத்தான் என் வாதம்.

முதலில் கார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இப்போதைய சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் ஆக்சிலேட்டர் பெடலுக்கும், எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான த்ரொட்டிலுக்கும் இடையில் கேபிள் கிடையாது. பெடலிலும் சென்சர், த்ரொட்டில் கதவிலும் சென்சர். ஒவ்வொன்றும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கு இரண்டு சிக்னல் அனுப்பும், ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க. த்ரொட்டிலின் இரண்டு சிக்னலும் ஒத்துப்போகாவிட்டால் ஈசியூ இரண்டையுமே நம்பாது. பி2135 போன்ற ஒரு பழுதுக் குறியீட்டை (கோட்) பதிந்து, மஞ்சள் எஞ்சின் லைட்டைப் போட்டு, த்ரொட்டில் மோட்டரை விட்டுவிடும். ஸ்பிரிங் கதவைக் கொஞ்சமே திறந்தபடி பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் கார் மெல்லத்தான் போகும். ஓட்டோ கியர் கார்கள் சிலவற்றில் கியர்ப்பெட்டியும் ஒரே கியரில் நின்றுவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுப் பட்டு வயர்ச் செருகிகளில் பச்சை பிடிப்பதால், சென்சர் நல்லதாக இருந்தும் சிக்னல் கெடுவது உண்டு.

இது செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மகா ஓயாப் பக்கம் போகும்போது இரவில் நடந்தால் ஓட்டுநர் என்ன நினைப்பார்? எஞ்சின் போய்விட்டது என்று பயந்து காட்டு வழியில் நிறுத்துவார். இல்லாவிட்டால் யாரோ சொன்ன வைத்தியப்படி பெற்றறி வயரைக் கழற்றி மாட்டுவார். அப்படிச் செய்தால் கோட் அழிந்துவிடும். பழுது தெரிந்த கணத்தில் இருந்த வேகம், எஞ்சின் சுற்று, நீரின் வெப்பநிலை என்று ஈசியூ எழுதி வைத்த குறிப்பும் கூடவே போய்விடும். மறுநாள் கராஜில் டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 ஊசிச் சொக்கெட்டில் ஸ்கானரைப் போட்டால் ஒன்றும் இருக்காது. பிறகு ஊகத்தில் சாமான் மாற்றுவதுதான். ஓட்டுநரின் காசு அங்கேதான் கரைகிறது. கார் உடைந்துவிடவில்லை, தன்னைத் தானே குறைத்துக்கொண்டு ஓடுகிறது என்பதைச் சொல்லும் பெயராக இருந்தால் இந்தப் பயத்தில் பாதி குறையும்.

அதனால் ‘முடக்க நிலை’ சரிவராது. முடங்கிய கார் ஓடாது, இது ஓடுகிறது. ‘நொண்டு நிலை’யை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். போரில் காலை இழந்தவர்கள் எங்கள் அயலில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் தன் காரைக் கொண்டுவரும்போது எந்த பாஸும் (மெக்கானிக்கும்) அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. ‘அவசர நிலை’ என்றால் இங்குள்ளவர்களுக்கு அவசரகாலச் சட்டம்தான் ஞாபகம் வரும். ‘தளர்நடை’ அழகான சொல், சந்தேகமில்லை. ஆனால் அது நடை பழகும் குழந்தைக்கு உரியது, அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை: மட்டோட்டம். மட்டு என்றால் அளவு, எல்லை. ‘மட்டாகச் சாப்பிடு’ என்கிறோம், ‘மட்டுப்படுத்தப்பட்ட’ என்று எழுதுகிறோம். வலுவை மட்டுப்படுத்தி ஓடுவது மட்டோட்டம். பத்திரிகைகள் மட்டக்களப்பை ‘மட்டு.’ என்று சுருக்குவதால் ஊர்ப்பெயர் என்று குழம்புமா என்று சிலர் கேட்கலாம். வாக்கியத்தில் வரும்போது குழப்பம் வராது: “கார் மட்டோட்டத்துக்குப் போயிட்டு, மெல்லக் கொண்டு வாங்க.”

இன்னொரு கேள்வியும் வரும் என்று தெரியும். கராஜில் யார் இதைச் சொல்லப்போகிறார்கள்? எங்கள் பாடப்புத்தகத்தில் சுவிட்ச் என்பது ஆளி, பிஸ்டன் என்பது முசலம். கராஜில் சுவிட்ச் சுவிட்சாகவும் பிஸ்டன் பிஸ்டனாகவும்தான் இருக்கின்றன. உதிரிப்பாகம் பெட்டியில் ஒரு பெயரோடு வருகிறது, அந்தப் பெயராலேயே அதைக் கேட்டு வாங்குகிறோம். ஆனால் கார் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும்போது எல்லோரும் தமிழுக்கு வந்துவிடுகிறார்கள். இழுக்குதில்லை, திணறுது, உதறுது, முக்குது, புகைக்குது. காத்தான்குடி நானாவும் கல்லடி அண்ணனும் இதில் ஒரே மாதிரித்தான் பேசுகிறார்கள். மட்டோட்டம் உறுப்பின் பெயரல்ல, நடத்தையின் பெயர். அதனால் இது வாயில் நிற்கும் என்று நம்புகிறேன். காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அந்த மண்ணிலிருந்து எழுதும் நாங்கள், நூலுக்குள் மட்டும் வாழும் சொல்லோடு திருப்திப்படக்கூடாது.

ஒரு வேறுபாட்டையும் இப்போதே பிரித்துவிட வேண்டும். நீர் வெப்பநிலை சென்சரின் வயர் அறுந்தால் ஈசியூ தானாக ஒரு வெப்பநிலையை வைத்துக்கொள்ளும். பல டொயோட்டா எஞ்சின்களில் அது 80 பாகை செல்சியஸ். ரேடியேற்றர் விசிறியும் நிற்காமல் ஓடும். இங்கே கார் வழக்கம்போல இழுக்கும், ஆகவே இது மட்டோட்டம் அல்ல. ஈசியூ இட்டுக்கொள்ளும் அந்த எண்ணுக்குப் ‘பதிற்பெறுமானம்’ என்று வைக்கலாம். இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள், இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

கையேட்டுக்கான வரையறை இது:

“மட்டோட்டம்: பழுதைக் கண்ட ஈசியூ, எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் காப்பதற்காக வலுவைக் குறைத்துக் காரை ஓடவிடுதல். மெதுவாக அருகிலுள்ள கராஜுக்குப் போகலாம். பெற்றறியைக் கழற்ற வேண்டாம். சிவப்பு ஒயில் லைட்டோ வெப்பநிலை லைட்டோ எரிந்தால் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்கவும். எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னினால் சிலிண்டரில் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டுக் கெடுக்கும். அப்போதும் ஓட்டத்தைத் தொடர வேண்டாம்.”

கடைசி இரண்டு வசனங்களும் நீளம் என்று வெட்டப்பட்டுவிடக்கூடாது என்பதே என் வேண்டுகோள். கல்முனை, அக்கரைப்பற்று நண்பர்கள் உங்கள் பக்கத்துக் கராஜ்களில் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். விளக்காமல் விட்டால் அவர்களுக்கு என்ன புரிகிறது என்பதை அப்படியே எழுதுங்கள்.