பெருநகரில் யாரைச் செல்வந்தர் என்பது?

கேள்வி: நல்ல சம்பளம் வாங்கியும், வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் போக மாதக் கடைசியில் என் கையில் நிற்பது சொற்பமே. விலைவாசி மிகுந்த பெருநகரில் எவ்வளவு இருந்தால் ஒருவரைச் செல்வந்தர் எனலாம்?

மறுமொழி 1: சம்பளத்தை வைத்து அளப்பதே பிழை, கடன் போக மிஞ்சும் சொத்தைக் கணக்கிடுங்கள். ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு முதலீடு இருந்து, முதல் ஆண்டில் அதில் 4 விழுக்காடும், பின்னர் விலைவாசி உயர்வுக்கேற்பவும் எடுத்துவந்தால் குறைந்தது 30 ஆண்டுகள் தாங்கும் என்று 1994இல் நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் அமெரிக்கச் சந்தைத் தரவுகளைக் கொண்டு கணித்தார். வேலையை விட்டாலும் அடுப்பெரியும் அந்த நிலையையே நான் செல்வம் என்பேன்.

மறுமொழி 2: குடியிருக்கும் வீட்டை அதில் சேர்க்காதீர்கள். எங்கள் வீட்டின் மதிப்பு ஏட்டில் இரட்டிப்பானது; கூரை ஒழுகியபோதோ கடன்தான் வாங்கினோம்.

கேட்டவர்: வாடகை குறைந்தால் அந்த 25 மடங்கும் கூடவே குறையும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.