டெக்கர் காலத்துத் திருடர் பேச்சு: ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,
முதலாம் ஜேம்ஸ் (1603–1625) காலத்து ஆங்கில நாடகங்களை வகுப்பில் நடத்துகிறேன். திங்கட்கிழமைக்குள் தமிழில் குறிப்பு கொடுத்தாக வேண்டும். அன்றைய திருடர்களும் பிச்சைக்காரர்களும் தங்களுக்குள் பேசிய ‘காண்ட்’டுக்கு என்ன சொல் போடலாம்? 1608இல் நாடக ஆசிரியர் தாமஸ் டெக்கர் அதற்கு ஒரு சொற்பட்டியலே அச்சிட்டார். பெரும்பகுதி ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்கு முன் தாமஸ் ஹார்மன் தொகுத்தது. இரவு ‘டார்க்மன்ஸ்’, பகல் ‘லைட்மன்ஸ்’, வீடு ‘கென்’, குடிக்கும் இடம் ‘பௌசிங் கென்’. ‘மறைமொழி’ சரியா?
– ஆசிரியை

அம்மா, மறைமொழி வேண்டாம். ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம்’ என்கிறது தொல்காப்பியம். பிக்பாக்கெட்காரன் பேச்சை மந்திரம் ஆக்கலாமா? நன்னூலில் சொல் தயாராக இருக்கிறது: குழூஉக்குறி, அதாவது ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வழங்கும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள். குடித்தவன் மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடுவான் அல்லவா! டெக்கரின் ஆட்களுக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் எங்கே கிடைக்கும்?
– புலவர்

ஐயா, குறி என்றால் தனித்தனிச் சொல். காண்டில் ‘மன்ஸ்’ என்று ஒரு விகுதியே ஓடுகிறது, அது ஒரு பேச்சு. பாகர் ஆடையைக் காரை என்றது யாரையும் ஏமாற்றவும் இல்லை. ‘கரவுமொழி’ என்போம். கரவில் மறைவும் உண்டு, வஞ்சமும் உண்டு. கரவடம் என்றால் களவு.
– மொழிபெயர்ப்பாளர்

வேரையும் பாருங்கள். காண்ட், பாடுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது என்பார்கள். பிச்சை கேட்பவரின் இழுத்த குரல். நாமும் ‘பஞ்சப்பாட்டு பாடாதே’ என்கிறோமே! அந்த ‘பாட்டு’ சொல்லில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இல்லையென்றால் பரிபாஷை, அதாவது பொருளை மறைத்துச் சொல்லும் பேச்சு. சித்தர் பாடல் படித்தவர்களுக்குப் பழகிய சொல், வடசொல் என்று தள்ளாதீர்கள்.
– சித்த வைத்தியர்

1611இல் அச்சான மிடில்டனும் டெக்கரும் சேர்ந்து எழுதிய நாடகத்தில் காண்ட் பேசும் காட்சி ஒன்று உண்டு. கூட இருக்கும் பிரபுக்களுக்கே புரியாது. மால் என்ற பெண்தான் பொருள் சொல்கிறாள். அவள் வாயில் குழூஉக்குறி, கரவுமொழி எல்லாம் எப்படி ஒலிக்கும்? ‘திருடர் பாஷை’ போதும்.
– நாடகக்காரர்

சரி, நேரமாகிவிட்டது. தனி மடல்களையும் சேர்த்தால் குழூஉக்குறிக்குத்தான் ஆதரவு அதிகம். அதைப் போட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘திருடர் பாஷை’ என்று விளக்குகிறேன். ‘ழூஉ’வைப் பலகையில் எழுதிக் காட்டிவிடுகிறேன்.
– ஆசிரியை

வகுப்புக்கு அது இருக்கட்டும் அம்மா. என் மொழிபெயர்ப்பில் கரவுமொழிதான்.
– மொழிபெயர்ப்பாளர்