மூட்டை அவிழ்க்கிற வேலை

நான் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. இப்போது கனடாவில் எல்லை அதிகாரி. மூன்று வார லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பாதிப் பேர் என்னைப் பொலிஸ் என்கிறார்கள், மீதிப் பேர் ஏர்போர்ட்டில் சீல் குத்துகிறவன் என்கிறார்கள். தரைவழி எல்லையில் வேலை பார்த்தபோது இடுப்பில் துப்பாக்கி இருந்ததால் முதல் கூட்டத்தை மறுக்கவும் முடியவில்லை.

கைப்பிள்ளையோடு இந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். நான் சேர்ந்தபோது கியூபெக் மாகாணத்து ரிகோவில் 14 வாரம் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. அப்போது மகனுக்கு ஏழு மாதம். முடித்து வந்து தூக்கப் போனால், என்னைப் பார்த்து வீறிட்டு அழுதான். எங்கே போட்டாலும் போகத் தயாராக இருக்க வேண்டும். எனக்கு விழுந்தது மானிட்டோபாவில் அமெரிக்க எல்லையோரத்து எமர்சன். குளிர்காலத்தில் மைனஸ் 30 வரை இறங்கும். நுவரெலியாக் குளிரைப் பெரிதாகப் பேசிய வாயை அங்கே மூடிக்கொண்டேன். இரவு ஷிப்ட் முடிந்து நான் பகலில் தூங்க வேண்டுமே என்று, மனைவி பிள்ளையைப் பனிக்கோட்டுக்குள் திணித்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவாள். பாவம், போக்கிடமே இல்லாத ஊர்.

அப்புறம் டொரொன்டோ விமான நிலையத்துக்கு மாற்றல் கிடைத்தது. அங்கே ஒரு நாள் நம்ம பக்கத்துப் பாட்டி ஒருவர் வந்தார். (ஆள் அடையாளம் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன்.) பெட்டியில் தேயிலைப் பக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு பால்மா டின். அதற்குள் ஈரத்துணி சுற்றிய ரோசாக் கன்று, வேரோடு ஒரு பிடி மண். மண்ணோடு பூச்சியும் நோயும் வரும் என்பதால் அதை உள்ளே விட முடியாது. தமிழில் சொன்னேன்.

"நம்மூரு மண்ணுதானே தம்பி" என்றார்.

எடுத்துத்தான் வைத்தேன். தேயிலையை விட்டுவிட்டேன், அதற்குத் தடையில்லை.

முந்தாநாள் இராத்திரி அடுப்படியில் இதை அப்பாயியிடம் சொன்னேன். தோட்டத்துத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று ஒதுக்கிய 525,000 பேரில் அவருடைய அக்கா குடும்பமும் சேர்த்தி. பிரிகிறவர்கள் அழுத அழுகையால் ஒப்பாரிக் கோச்சி என்று பேர்பெற்ற ரயிலில் தலைமன்னார் போய்க் கப்பலேறினார்கள். அங்கே ஓர் அதிகாரி மூட்டையை அவிழ்த்துக் கொட்டச் சொன்னாராம். உள்ளே அம்மிக் குழவி. "இந்தியாவுல கல்லு இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தாராம். தமிழ்நாட்டில் போய் இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து அக்கா எழுதவைத்த முதல் கடுதாசியில் இருந்த சங்கதி இது.

அப்பாயி ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நீயும் மூட்டைய அவுப்பியா?"

"ஆமா அப்பாயி."

"சிரிப்பியா?"

"இல்ல."

ஒன்றும் சொல்லாமல் ரொட்டியை என் தட்டில் வைத்தார். பக்கத்தில் இருந்த மகன், அந்தக் கல் இப்போது எங்கே என்று இங்கிலீஷில் கேட்டான். தமிழில் சொன்னேன்.

"கோத்தகிரியில இருக்குடா. அக்கா மருமக இன்னும் அதுலதான் மொளகா அரைக்கிறாளாம்."