பினாங்கு பயனீட்டாளர் (நுகர்வோர்) சங்கம், சஹாபாட் ஆலாம்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பு, இவங்க கூட உங்க அனுபவம் எப்படி? இங்க பகிருங்க

பால்கனித் தோட்டம்:
நானே ஆரம்பிக்கிறேன். நிபோங் திபால் பக்கம் என் பசங்க தமிழ்ப்பள்ளியில படிச்சப்போ பயனீட்டாளர் சங்கத்துல இருந்து வந்து மீன் கழிவுல உரம் செய்யற பட்டறை நடத்துனாங்க, பெற்றோரும் வரலாம்னாங்க, போனேன். பேச்சு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கைவேலை. பாசார்ல (சந்தையில) இருந்து மீன் குடல், செதில், தலை எல்லாம் வாளியில கொண்டாந்து வச்சு, அதே எடைக்கு வெல்லம் போட்டு பசங்களையே கலக்கச் சொன்னாங்க. முதல்ல மூக்கப் பொத்திக்கிட்டு நின்ன பொண்ணுங்க அப்புறம் கரண்டிய யாருக்கும் குடுக்கவே மாட்டேன்னுதுங்க! மூடி நிழல்ல ஒரு மாசம் போல வச்சா எல்லாம் கரைஞ்சு சாறாயிடும், நாத்தமும் போயிடும், அத ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் கணக்குல கலந்து தெளிக்கணும், கூடுனா இலை கருகிடும். எங்க பிளாட் பால்கனியில மிளகாயும் கறிவேப்பிலையும் இன்னிக்கும் இதுலதான் வளருது.

வீட்டுக் குப்பையில ஏறக்குறைய பாதி சாப்பாட்டுக் கழிவுதான்னு அன்னிக்கு சொன்னாங்க, அத மண்ணுல போட்டா உரம், பையில கட்டி வீசுனா பூலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போகுது. பினாங்குத் தீவுக் குப்பையும் இங்கதான் வருது, எங்க பக்கம். 2022 ஜனவரில அந்தக் குப்பைமேடு நாள்கணக்கா எரிஞ்சப்போ பக்கத்துல குடியிருந்தவங்கள வேற இடத்துக்கு மாத்துனாங்க. அந்தப் புகைய பாத்தப்புறம் எங்க புளோக்ல காய்கறித் தோல தனியா எடுத்து வைக்கிற வீடு கூடிருக்கு. நோட்டீஸ் ஒட்டி வராத மாத்தம் பிள்ளைங்க வீட்டுல போய் சொல்லி வந்துச்சு, இத நான் கண்ணால பாத்தேன்.

புக்கிட் மெர்தாஜாம் வாசி:
நான் போனது சுங்கை ஆச்சே, பாக்காவ் மரம், அதான் கரையோர அலையாத்தி மரம், நட. கரையோர மீனவர் நலச்சங்கம், பீஃப்வானு சொல்வாங்க, 1990கள்ல இருந்தே நட்டுக்கிட்டு வர்றாங்க, அவங்களுக்கு சஹாபாட் ஆலாம் பக்கபலம். பாக்காவ் விதை மரத்துலேயே முளைச்சு பென்சில் மாதிரி தொங்கும், அத அப்படியே சேத்துல சொருகலாம், ஆனா எங்க சொருகுறதுங்கறதுதான் விஷயமே. அங்க இருந்த பாக்சிக் (பெரியவர்) எங்கள உடனே நட விடல, தண்ணி எங்க வரைக்கும் ஏறுது, சேறு எவ்ளோ இறுக்கமா இருக்கு, எல்லாத்தையும் காலால மிதிச்சுப் பாக்கச் சொன்னாரு. வேருக்கு நடுவுலதான் இறால் குஞ்சும் நண்டும் வளருது, காடு போனா வலையில ஒண்ணும் விழாதுன்னு பொறுமையா சொன்னாரு. 2004 சுனாமியில பாக்காவ் இருந்த கரையில படகுங்க தப்பிச்சத அவங்க ஆளுங்க பாத்திருக்காங்களாம்.

ஒரு விஷயம் நான் மனசார சொல்லணும். கம்பெனி பனியன் போட்டு நட்டு போட்டோ எடுத்துட்டுப் போறவங்க மறுபடி அந்தப் பக்கம் வரணும். கன்னு அலையில சாஞ்சுதா, பாசி சுத்துச்சா, பார்னக்கிள்ங்கற ஓட்டு உயிர் ஒட்டிக்கிச்சான்னு அப்புறம் போய் பாக்கறதெல்லாம் அந்த மீனவர்ங்கதான். பாதி வேலையே அதுதான், அதுக்கு ஆள் பத்தல.

ஜெலுத்தோங் ஐயா:
இவ்ளோ பேசுறீங்க, எஸ்.எம்.முகமது இத்ரீஸ் பேர யாரும் சொல்லலியே. சஹாபாட் ஆலாம் 1977ல ஆரம்பிச்சது, பயனீட்டாளர் சங்கம் அதுக்கும் முன்னாடி. 2019 மே மாசம் சாகுற வரைக்கும் ரெண்டுக்கும் தலைவரா இருந்தாரு. சரவாக் காட்டு மக்களுக்காக நின்னதுக்கு 1988ல உலக அளவுல பரிசும் கிடைச்சுது. நம்ம தமிழ் முஸ்லிம் பெரியவர், அவர் பேசி நான் கேட்டிருக்கேன், யாருக்கும் பயந்து வார்த்தைய மாத்துன ஆள் இல்ல. சீனி, பிளாஸ்டிக், கடல மண்ணு போட்டு நிரப்புறது எல்லாத்தையும் ஜனங்க காது குடுக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே பேசுன சங்கம் அது. மஸ்ஜித் நெகிரி ரோட்டுல ஆபீஸ், போய்ப் பாருங்க.

பாயான் லெப்பாஸ் அம்மா:
@பால்கனித் தோட்டம் அக்கா, மீன் கலவையில புழு வைக்காதா? நானும் பிளாட்தான், பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஏதும் சொல்லுவாங்களோன்னு பயமா இருக்கு.

பால்கனித் தோட்டம்:
வெல்லம் கொறஞ்சாதான்மா புழு வைக்கும், கொஞ்சம் கூடவே போடு. வாளிய முழுசா ரொப்பாத, கொஞ்ச நாளைக்கு ஒருதடவ மூடிய லேசா திறந்து காத்த வெளிய விட்டு உடனே மூடிடு, இல்லன்னா கேஸ் சேர்ந்து மூடி தெறிச்சிடும். சனிக்கிழமை நம்ம பாசார் மீன்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சா குடல சும்மாவே எடுத்து வைப்பாரு, வாளிய மட்டும் மறக்காம எடுத்துட்டு போ.