மறுமொழி: பேக்ஃபயர் – பின்வெடியா, எதிர்வெடியா?

> வண்டியில் எரிபொருள் தவறான இடத்தில் பற்றிப் படாரென வெடிக்கும் 'பேக்ஃபயர்' என்பதற்குப் 'புகைக்குழாய் வெடிப்பு' என்று கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. வெடிப்பு என்றால் விரிசல் என்றும் பொருள். பழுதுபார்ப்புக் கையேட்டில் இதைப் பார்ப்பவர் குழாயில் கீறல் இருக்கிறதா என்று தேடுவார். கீறலும் இந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

தவிர, இங்கே இரண்டு நிகழ்வுகள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் பக்கம் தீ திரும்பிப் பாய்ந்தால் எதிர்வெடி. எஞ்சினுக்குப் போகும் காற்றின் அளவை மாற்றும் த்ராட்டிலை மூடியதும் சைலன்சர் படபடத்தால் பின்வெடி. எரிய வேண்டிய நேரத்துக்குப் பின், எஞ்சினுக்கும் பின்னால் நடப்பதால் 'பின்' இரண்டு வகையிலும் பொருந்துகிறது.

விளக்கக் குறிப்புக்கு: த்ராட்டில் மூடிய பிறகும் சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது. உள்ளே போகும் காற்று சொற்பம். எரிந்த வாயு சிலிண்டரில் வழக்கத்தைவிட அதிகம் தங்கும். பைலட் ஜெட் (த்ராட்டில் மூடியிருக்கும்போது பெட்ரோல் தரும் சிறு துளை) தரும் கலவையும் மெலிந்திருந்தால், அதாவது அதில் பெட்ரோல் குறைந்திருந்தால், ஸ்பார்க் வந்தும் பற்றாது. எரியாத பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குள் போய், புதுக்காற்று கிடைத்த இடத்தில் வெடிக்கிறது.

---

> புதுக்காற்று கிடைத்த இடத்தில்

பின்வெடிக்கு என் வாக்கு. ஆனால் காற்று எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதுங்கள். மெக்கானிக்குக்கு வேண்டியது அதுதான். சிலிண்டர் ஹெட்டில் புகைக்குழாய் சேரும் இடத்து கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் வளையம்) கசிந்தால் சுற்றிலும் கரி படிந்திருக்கும். குழாயைக் கழற்றினாலே புது கேஸ்கெட் போட வேண்டும். நசுங்கிய பழையது மறுபடி அடைக்காது.

இன்னொரு வழி, புகையைச் சுத்தப்படுத்தக் காற்றை எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு (ஹெட்டில் புகை வெளியேறும் வாய்) அனுப்பும் அமைப்பு. பல வண்டிகளில் த்ராட்டில் மூடும்போது ஒரு வால்வு அந்தக் காற்றை நிறுத்தும். அது பழுதானால் படபடப்புத்தான். சோதனைக்காக அந்தக் காற்று வரும் ஹோஸைச் சற்று நேரம் அடைத்து ஓட்டினால் தெரிந்துவிடும்.

இரண்டும் சரியாக இருந்தால்தான், பைலட் ஜெட்டின் கலவையைச் சரிசெய்யக் கார்புரேட்டரில் உள்ள பைலட் திருகில் கை வைக்க வேண்டும். எஞ்சின் பக்கம் இருப்பது எரிபொருள் திருகு: கால் சுற்று வெளியே. ஏர்ஃபில்டர் பக்கம் இருப்பது காற்றுத் திருகு: கால் சுற்று உள்ளே. மாற்றித் திருப்பினால் கலவை இன்னும் மெலியும்.

---

ஏற்கிறேன். பதிவு இப்படி:

பின்வெடி (பெயர்ச்சொல்): எரியாத எரிபொருள் புகைக்குழாயில் பற்றி வெடித்தல். வினை: பின்வெடி, பின்வெடிக்கும். ஒப்பிடுக: எதிர்வெடி.

'லீன்' கலவைக்கு 'மெலிகலவை' என்று தனி இழை தொடங்குகிறேன்.