அடாப்டர் குத்துறதுக்கு முன்னாடி: நடுப்பின் பிளஸா, மைனஸா?

(குமரி மாவட்டத்து நாலு ஊர்லேர்ந்து மாத்தி மாத்திச் சொல்றாங்க.)

நாகர்கோவில்:
மக்களே, கெட்டுப்போய் வர்ற கை ரேடியோக்களோட கூடவே ஒரு பேச்சும் வரும்: “பின்னு கச்சிதமா இருந்துச்சு, அதான் குத்தினேன்.” பின் பொருந்தினா அளவு சரின்னு மட்டும்தான் அர்த்தம். வெளி அகலம் 5.5, நடு ஓட்டை 2.1 மில்லிமீட்டர் இருக்கிற பின்னுல 9 வோல்ட்டும் உண்டு, 12 வோல்ட்டும் உண்டு. நடுவுல பிளஸ், வெளியில மைனஸ்னு வர்ற நடு பிளஸும் உண்டு, அதுக்குத் தலைகீழான நடு மைனஸும் உண்டு. ரவுட்டர், கேமரா அடாப்டர் பெரும்பாலும் நடு பிளஸ். டெக்சன் பிஎல்-660 ரேடியோ 6 வோல்ட், நடு மைனஸ். கிட்டார் பெடல் பெரும்பாலும் 9 வோல்ட், நடு மைனஸ். சர்ச் பாடகர் குழுவுல ரெண்டு காசியோ கீபோர்டு இருந்தா இன்னும் கவனம் வேணும்: பழசுக்குரிய ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடு மைனஸ், புதுசுக்குரிய ஏடி-ஈ95100 அடாப்டர் 9.5 வோல்ட், நடு பிளஸ்.

சாதனத்துல பின்னைக் குத்துற ஓட்டைதான் ஜாக்கு. அது பக்கத்துல ஒரு புள்ளி, அதைச் சுத்தி பிறை மாதிரி ஒரு வளைவு இருக்கும். புள்ளியிலிருந்து போற கோடு எந்தக் குறியில முடியுதோ, அதுதான் நடுப்பின். சாதனத்துல இருக்கிற படமும் அடாப்டர்ல இருக்கிற படமும் ஒண்ணா இருக்கணும். வோல்ட் சமமா இருக்கணும். அடாப்டரோட மில்லி ஆம்பியர் சாதனம் கேட்கிறதுக்குச் சமமாவோ கூடுதலாவோ இருக்கலாம், குறையக் கூடாது.

மார்த்தாண்டம்:
படத்தை மட்டும் நம்பாதீங்க. அறுந்த வயரை யாரோ மாத்தி ஒட்டியிருந்தா ஸ்டிக்கர் பழையதையே சொல்லும். வெள்ளைக்கோடு போட்ட வயர் பிளஸ்னு சொல்றதும் எல்லா அடாப்டருக்கும் செல்லாது.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் ரேஞ்சுல வையுங்க. சிவப்பு வயர் வோல்ட் ஓட்டையிலதான் இருக்கான்னு பாருங்க. 10 ஆம்பியர் ஓட்டையில கிடந்தா அடாப்டர் நேரே ஷார்ட். சிவப்பு முனை பின்னோட நடு ஓட்டைக்குள்ள, கருப்பு வெளி உலோகத்துல. எண்ணுக்கு முன்னாடி மைனஸ் வந்தா நடு மைனஸ். சின்னப் பின்னுக்குள்ள முனை நுழையாது. ஒரு குண்டூசியைச் சொருகி அதுல தொடுங்க, ஊசி ஓரத்துல உரசாம.

கனமான பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் 9 வோல்ட்னு எழுதியிருந்தும் எதையும் மாட்டாம அளந்தா 12, 13 காட்டும். 6 வோல்ட் ரேடியோவுக்கு அதெல்லாம் ஆகாது. டிசியில பூஜ்யம் காட்டினா செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, ஏசி ரேஞ்சுல ஒருதடவை பாருங்க. ஏசியே வெளியே தர்ற அடாப்டரும் இருக்கு.

தக்கலை:
சாதனத்துல குறி அழிஞ்சு போயிருந்தா? பேட்டரியை எடுத்துட்டு மீட்டர்ல கன்டினியூட்டி பாருங்க, அதாவது ரெண்டு இடம் இணைஞ்சிருந்தா பீப் அடிக்கிற ரேஞ்சுல. பேட்டரி அறையில ஸ்பிரிங் இருக்கிற பக்கம் மைனஸ். நாலு பேட்டரி போடுற அறைன்னா வயர் போற ஸ்பிரிங்கை எடுத்துக்கணும். ஜாக்கோட நடு ஊசியும் அந்த ஸ்பிரிங்கும் பீப் அடிச்சா நடு மைனஸ்.

பழைய ரேடியோவுல நடு மைனஸா வச்சதுக்குக் காரணம் உண்டு. பின்னைக் குத்தினதும் பேட்டரியைத் துண்டிக்கிற சுவிட்ச் ஜாக்கோட வெளித்தகட்டுல இருக்கு. வெளி பிளஸா இருந்தா, பேட்டரியோட பிளஸ் மட்டும் விலகும்; மைனஸ் அசையாம இருக்கும்.

குளச்சல்:
வள்ளத்துல கொண்டுபோற வயர்லெஸ், ஜிபிஎஸ் பத்தியும் சொல்லணும். 12 வோல்ட் பேட்டரின்னு பேருதான். இன்ஜின் ஓடும்போது 14.4 வரை ஏறும். பெரிய போட்டுல 24 வோல்ட்டும் இருக்கு. லைட்டர் சாக்கெட்டுல நடு பிளஸ், ஆனா சொந்தமா வயர் இழுத்த இடத்துல அதுவே தலைகீழா கிடக்கும், அளந்துதான் குத்தணும். உப்புக்காத்துல ஜாக்குக்குள்ள பச்சை பூத்திருந்தா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு சுரண்டி எடுங்க. ஓகி புயல் சமயம் மாதிரி நாட்கணக்கா கரண்ட் இல்லாதப்போ, ரேடியோவை நேரே இன்வெர்ட்டர் பேட்டரியில கொடுக்கிறதும் வோல்ட் கூடிப்போற இதே ஆபத்துதான்.

நாகர்கோவில்:
பிளஸ், மைனஸ் மாத்திக் குத்திட்டா உடனே உருவுங்க. சரியான அடாப்டரைப் போட்டு சோதிக்க அவசரப்படாதீங்க. ஜாக்குக்குப் பின்னாடி பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே, கரண்டை ஒரே பக்கமா மட்டும் விடுற டயோடு ஒண்ணு இருந்தா, அது தன்னை ஷார்ட்டாக்கிட்டு மிச்சத்தைக் காப்பாத்தியிருக்கும். அடாப்டர் விளக்கு விட்டு விட்டு மின்னுறது அதனாலதான். டயோடு ரெண்டு பக்கமும் பீப் அடிச்சா கழட்டி மாத்துங்க, பக்கத்துல இருக்கிற பியூஸையும் பாருங்க. டயோடே இல்லாத சாதனத்துல டப்பா மாதிரி நிக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் தலை உப்பும், ஐசிங்கிற சிப்பு சுடும்.

பாதுகாப்பு வேணும்னா பிளஸ் வயர்ல 1என்5819 டயோடு ஒண்ணைத் தொடரா போடுங்க, கோடு போட்ட பக்கம் சாதனத்தைப் பார்க்கணும். ஏறக்குறைய 0.3 வோல்ட் குறையும். 6 வோல்ட் ரேடியோ அதைத் தாங்கும்.