வாழ்க்கைக் கதை எழுத ஏஐ உதவி கேட்டேன், என் அப்பாவை அழ வைத்துவிட்டது

மோல்மீன்காரன்:
வணக்கம். வயது 64, பர்மாவில் மோல்மீன் பக்கம் கிராமம். சிங்கப்பூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்காக நான் வாழ்ந்ததை எழுதி வைக்க ஆசை. படித்தது பர்மிய மொழியில், தமிழ் கோவில் மாலை வகுப்போடு சரி, அதனால் பேச்சு ஓடும், பேனா ஓடாது (இதையும் தம்பி மகன்தான் தட்டச்சு செய்கிறான்). போனில் பேசிப் பதிவு செய்து, எழுத்தாக மாற்றி, ஏஐயிடம் "நல்லா எழுதிக் கொடு" என்று கொடுத்தோம்.

நான் சொன்னது இது. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 சாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாது, மாற்றியும் தரமாட்டோம் என்று ரேடியோவில் அறிவித்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அப்பா உழவு மாட்டு ஜோடியை விற்றிருந்தார், முழுக்க 75 சாட் நோட்டு. செல்லாது என்று தெரிந்த பிறகும் அன்று ராத்திரி விளக்கு வைத்து எண்ணிப் பார்த்தார். 41 நோட்டு. கணக்கு சரியாக இருந்தது. மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

ஏஐ எழுதியது: அப்பா நோட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணீர் மல்க வானத்தைப் பார்த்தாராம். எங்கள் அப்பா வானத்தைப் பார்த்தது மழை வருமா என்று பார்க்கத்தான். அதோடு 1964இல் நான் 75 சாட் நோட்டை வைத்துக்கொண்டு தெருவில் நின்றதாகவும் ஒரு பத்தி. 1964இல் செல்லாமல் போனவை 50உம் 100உம், எனக்கு அப்போது மூன்று வயது, 75 சாட் நோட்டே 1985இல்தான் வந்தது. இன்னொன்று, "ஜேவுக்குப் போனேன்" என்று, அதாவது சந்தைக்குப் போனேன் என்று, சொன்னதை எழுத்தாக மாற்றும்போது "ஜெயிலுக்குப் போனேன்" ஆகிவிட்டது, பேரன் போன் போட்டு எத்தனை வருஷம் தாத்தா என்று கேட்கிறான். இதை விட்டுவிடுவதா, இல்லை கேட்கும் விதத்தில்தான் தப்பா?

தெருக்கோடிக் கடை:
கேட்கும் விதத்தில்தான் ஐயா. "நல்லா எழுது" என்றால் அதற்குத் தெரிந்த நல்லா அதுதான். அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்துப் பார்த்து எழுதும் சாமான் அது; கதைகளில் காசு போன அப்பா அழுவார், அதனால் உங்கள் அப்பாவும் அழுதார். 1964ஐயும் 1987ஐயும் குழப்பியதும் அப்படித்தான், பர்மா, செல்லாத நோட்டு என்றதும் இரண்டும் ஒரே கூடையில் விழுந்துவிடும். ஆண்டு, தொகை எதையும் அதை நம்பி விடாதீர்கள்.

நான் யாங்கோனில் எங்கள் கடையைப் பற்றி எழுதும்போது எழுதச் சொல்லவே இல்லை, கேள்வி கேட்கச் சொன்னேன். இதை அப்படியே எடுத்துப் போடுங்கள்: "நான் ஒரு சம்பவம் சொல்கிறேன். நீ எழுத வேண்டாம். நான் சொல்லாமல் விட்டது எது என்று பார்த்து ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள். பாராட்ட வேண்டாம்." கடைசி வரி முக்கியம், இல்லாவிட்டால் ஒவ்வொரு பதிலுக்கும் "நெகிழ வைக்கும் நினைவு" என்று உயிரை வாங்கும். என்னிடம் கடையில் என்ன வாசனை என்று கேட்டது, அது சாதாரணக் கேள்வி, ஆனால் கடைச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டதே, அதற்குப் பதில் சொல்ல நாலு பக்கம் ஆனது.

பகோ அக்கா:
தம்பி சொல்வது எழுதத் தெரிந்தவர்களுக்குச் சரி. 1965க்குப் பிறகு தனியார் பள்ளிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதில் நம் பள்ளிகளும் போய், எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்தே அரைகுறை. நான் ஏஐயைத்தான் எழுத வைத்தேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் எழுதியதை அம்மாவுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்த வரி இருந்தது, "யாருடி இது?" என்று கேட்ட வரி போனது. முதல் அத்தியாயத்தில் பாதி போனது!

அது ஆயாவைப் பாட்டி ஆக்கிவிடும், நாப்பியை (புளிக்க வைத்த மீன் விழுது) ஊறுகாய் ஆக்கிவிடும், கவனம். நான் இருபது சொல்லுக்கு ஒரு பட்டியல் போட்டு, இவற்றை மாற்றாதே என்று ஒவ்வொரு முறையும் முதலில் கொடுத்துவிடுவேன். உங்கள் ஜேயையும் அதில் போடுங்கள் அண்ணே.

கம்பி வேலி:
இரண்டு விஷயம். உயிரோடு இருப்பவர்கள் பெயரை அதில் ஏற்றாதீர்கள், முக்கியமாக யார் எந்தப் பக்கம் நின்றார், யார் எல்லை தாண்டினார் என்பதெல்லாம். நம் ஊர் நிலைமை தெரியும்தானே. மாமா 1, மாமா 2 என்று போட்டுவிட்டுக் கடைசியில் நீங்களே பெயரை மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், பேச்சை எழுத்தாக்க ஓபன்ஏஐ 2022இல் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் இருக்கிறது, சொந்தக் கணினியிலேயே ஓடும், ஒலிப்பதிவு வெளியே போகாது, இணையமும் தேவையில்லை. தமிழில் தப்பு விடும், பர்மியச் சொல் கலந்தால் இன்னும் விடும், அதனால் ஒலிப்பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு உங்கள் குரல்தானே வேண்டும்.

மோல்மீன்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு மணி நேரம் மின்சாரம் இருந்தது, கடைக்காரத் தம்பி சொன்னபடி கேட்டுப் பார்த்தோம். மூன்றாவது கேள்வி: மாடுகள் என்ன ஆயின?

38 வருஷத்தில் இதை யாரும் என்னைக் கேட்டதில்லை. வாங்கியவர் பக்கத்து ஊர்க்காரர், எங்கள் வீட்டு வழியாகத்தான் வண்டி போகும். வலப்பக்கத்து மாடு எங்கள் படலுக்கு நேரே வந்ததும் நின்றுவிடும், அடித்தால்தான் நகரும். அம்மா அந்த நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார், வண்டிக்காரரும் அவரும் முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இதை ஏஐக்குச் சொல்லவில்லை. இன்று ராத்திரி மின்சாரம் வந்தால் போனில் தனியாகப் பேசி வைக்கிறேன்.